பதினைந்தாவது கையெழுத்து

எங்கள் ஊரில் கூட்டம் கூடுவது சுலபம், கலைவதுதான் கஷ்டம். கொல்லிமலையில், பைல் நாட்டுச் சரிவு ஒன்றில், முப்பது வீடுகள் கொண்ட ஊர் அது. யாருடைய மாடு யாருடைய சாமைக்காட்டில் இறங்கியது, கோயில் நோன்பை என்றைக்குச் சாட்டுவது, எதுவானாலும் ஆண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் தரையைத் தொட்டு "ஒப்பு" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் "எனக்கு ஒப்பில்ல" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டு, பேசி, ஏசி, மறுபடியும் பேசி, அவர் தரையைத் தொடுகிறவரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. அப்படியும் தொடாவிட்டால் பேசின காரியத்தையே கைவிட்டுவிடுவார்கள்.

வட்டத்தில் உட்கார்ந்தவர் யாரானாலும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது. ஒரு தடவை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து உப்பு மூட்டையோடு ஏறி வந்த வியாபாரி, கால் வலி தாங்காமல் வட்டத்தின் ஓரத்தில் தெரியாத்தனமாக உட்கார்ந்துவிட்டார். அங்கே இரண்டு பங்காளிகளின் பலாமரத் தகராறு நடந்துகொண்டிருந்தது. உம்முடைய ஒப்பு இல்லாமல் விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்டார்கள். பாவம், மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்றுகூடத் தெரியாமல் அந்த மனிதர் சாயங்காலம் வரை இருந்து தரையைத் தொட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு எங்கள் ஊரில் அவர் நின்றுகொண்டேதான் உப்பு அளப்பார்.

பெண்களுக்கு அந்த வட்டத்தில் இடமில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் நான் சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுவிடுவேன். அப்போது எனக்குப் பத்து வயது. ஒன்றைப் பிடித்தால் உடும்பு என்று அம்மா என்னைத் திட்டுவாள். திட்டாக அவள் சொன்னதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு காடு. காட்டுக்குள்ளே ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் நடந்தால் புல் வேய்ந்த ஓர் அறை வரும். அதுதான் பள்ளிக்கூடம். பதினான்கு பிள்ளைகள், ஒரு வாத்தியார். வாத்தியார் கீழ்நாட்டுக்காரர். மலைக்கு மாற்றல் என்றால் குளிர்காய்ச்சல் வந்து செத்துப்போவோம் என்று மற்றவர்கள் பயந்து ஓடிய காலத்தில், அவர் மூன்று வருஷமாகக் களியும் சாமைச்சோறும் சாப்பிட்டுக்கொண்டு எங்களோடு இருந்தார். ஒல்லியான தேகம், மூக்குக்கண்ணாடி, கதர்ச்சட்டை. புத்தகத்தில் இருப்பதை மெதுவாகச் சொல்லிக் கொடுப்பார். புத்தகத்தில் இல்லாததைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் உயரும்.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம் அது. பெரிய யுத்தம் தொடங்க இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருந்தது. அந்த ஆவணியில், மூங்கில் திருட்டுப் போகிறது என்று சொல்லி, காட்டதிகாரி எங்கள் பாதையின் வாயில் மூங்கில் படல் ஒன்றைக் கட்டி அடைத்துவிட்டார். படலுக்குக் காவலாக ஒரு வாச்சரையும் போட்டார். அந்த வாச்சர் வேறு யாருமில்லை, என் மாமாதான். அப்பாவின் தங்கையைக் கட்டியவர். அதுவரை கோவணத்தோடு எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர், காக்கிச் சட்டையும் நெஞ்சில் பித்தளை வில்லையுமாக எங்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"போகக்கூடாது கண்ணு. மேலெடத்து உத்தரவு. என்ற மவனையே நான் உடறதில்ல, பாத்துக்க" என்றார்.

அது உண்மைதான். அத்தை மகனும் எங்களோடுதான் படித்தான். அவனும் எங்களோடு மலையைச் சுற்றி, ஓடையில் இறங்கி ஏறி, வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தான். சின்னப் பிள்ளைகளை நாங்கள் மாற்றி மாற்றி முதுகில் தூக்கிக்கொண்டு வந்தோம்.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை. ஒருநாள் அப்பா சொன்ன வார்த்தைதான் பெரிது. "ஐப்பசி மழ புடிக்கிற மட்டும் போயிட்டு வா. ஓடையில வெள்ளம் வந்தா நின்னுக்க கண்ணு. அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா எப்பங்கப்பா?"

"மழ உட்ட பொறகு."

மழை விட்ட பிறகு பள்ளிக்கூடம் போன பெண் எங்கள் ஊரில் ஒருத்தியும் கிடையாது. மழை விடுவதற்குள் அவளுக்கு மாடு மேய்க்கிற வேலை வந்துவிடும். அதற்கடுத்த மழைக்குள் மாப்பிள்ளையும் வந்துவிடுவான். நானோ எழுத்துக் கூட்டாமல் வாசிக்க அப்போதுதான் ஆரம்பித்திருந்தேன். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம், பொட்டலம் மடித்ததைக்கூட விடாமல், படித்துக்கொண்டிருந்த நேரம். அதை ஒரு படலுக்காக விட்டுவிடுவதா? மழைக்கு முன்னால் அந்தப் பாதை திறந்தாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். எப்படித் திறப்பது என்பதுதான் தெரியவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் வாத்தியார் கரும்பலகையின் மேல்பக்கம் ஒரு தொப்பியும் கீழ்ப்பக்கம் ஒரு குடிசையும் வரைந்தார்.

"மேல இருக்கறது சர்க்கார். கீழ இருக்கறது நம்ம ஊடு. ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குது, சொல்லுங்க பாக்கலாம்."

"படலுங்க!" என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நடுவுல நாம இருக்கோம் கண்ணு. சர்க்கார் கூப்பிடாம, ஊட்டுல சொல்லாம, நாமளா நாலு பேரு ஒரு காரியத்துக்குன்னு கூடறோமே, அதுதான் நடுவுல இருக்கறது. கீழ்நாட்டுல தறி நெய்யறவங்க சங்கம் வெச்சிருக்காங்க. வாசகசாலை நடத்தறாங்க. நாளைக்கு நம்ம ஜனங்களே நாட்ட ஆளற காலம் வரும். அன்னைக்கும் ஓட்டப் போட்டோம், வேல முடிஞ்சுதுன்னு ஊட்டுல போய்ப் படுத்துக்கிட்டா அது ஜனநாயகம் இல்ல. நாலு பேரு கூடி நின்னு, இது ஏன் இப்பிடின்னு கேட்டுக்கிட்டே இருக்கோணும். கேக்கப் பயந்தவனுக்கு எந்த ராஜ்யமும் ஒண்ணுதான்."

எங்களுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. எனக்குப் புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. "அப்ப படலப் பத்தி நாம கேக்கலாமுங்களா?" என்றேன்.

அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அன்றைக்கே, அந்த இடத்திலேயே, பதினான்கு பேரையும் சேர்த்து மாணவர் சங்கம் ஒன்றை ஆரம்பித்துவிட்டார். எங்களை வட்டமாக உட்கார வைத்தார். பாதையைத் திறக்கச் சொல்லிக் காட்டதிகாரிக்கு மனு எழுதலாமா, வேண்டாமா? வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள். இதற்குப் பெயர்தான் ஓட்டு என்றார். நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஒன்று போதும் என்று அவர் சொன்னதில் எனக்கு வருத்தம்தான்.

பதின்மூன்று கை எழுந்தது. அத்தை மகன் மட்டும் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டிருந்தான்.

"பதிமூணு, ஒண்ணு. தீர்மானம் நிறைவேறிச்சு" என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதினார். "அவ்வளவுதான், எந்திரிங்க. மனு எழுதலாம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவர் நாங்கள் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து, அதிகம் பேர் சொன்னதுதான் முடிவு, மற்றவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று விளக்கினார். நாங்கள் தலையாட்டினோம். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மறுபடியும் விளக்கினார். இந்தத் தடவை சாக்கட்டியால் பதின்மூன்று கோடும் ஒரு கோடும் போட்டுக் காட்டினார். ஒரு சின்னப்பையன் கோடுகளை எண்ணிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றான். அப்படியும் யாரும் எழவில்லை.

"ஏன் கண்ணு, என்னதான் உங்களுக்கு?"

"அவன் இன்னும் ஒப்புச் சொல்லலியேங்க" என்றேன். "கூட்டம் முடியலீங்க வாத்தியாரே."

"அதான் ஓட்டுல தோத்துட்டானே."

"தோக்கறதுக்கு இதென்ன சடுகுடுங்களா? அவன் மனசுல என்னன்னே நாம இன்னும் கேக்கலீங்களே."

நியாயமாக நான் இப்படிப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் அவனை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது. என் படிப்பே அந்தப் பாதையில் இருக்கிறது, இவன் கையை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவனைக் கேட்டோம். பேசவில்லை. திட்டினோம். அப்போதும் பேசவில்லை. கொண்டுவந்த களி தூக்குச்சட்டியில் அப்படியே இருந்தது. ஒரு சின்னப்பெண் பசியில் அழுதாள். அழுதாளே ஒழிய அவளும் எழுந்திருக்கவில்லை.

வாத்தியார் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். கால் கடுத்துப்போய், "என்னமோ பண்ணுங்க" என்று எனக்கும் அந்தச் சின்னப்பெண்ணுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் நகர்ந்து இடம் கொடுத்தோம்.

அவர் உட்கார்ந்ததும் அத்தை மகனுக்கு வாய் திறந்தது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "படல எடுத்துட்டா எங்கப்பன எதுக்குங்க வெச்சிருப்பாங்க? சட்டையையும் வில்லையையும் கழட்டிக்கிட்டுப் போகச் சொல்லிருவாங்க. இந்த வேல வந்த பொறவுதானுங்க எங்கூட்டுல ரெண்டு வேள அடுப்பெரியுது."

அவன் வீட்டில் சோறில்லாத நாட்கள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, சும்மாதான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே முறத்தைப் பார்ப்பாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அறைய நினைத்த கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். படல் இருந்தால் நமக்கென்ன, பாதை திறந்தால் போதாதா என்று ஒருவன் கேட்டான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். படல் இருக்கட்டும், மாமாவும் இருக்கட்டும். காலையில் திறந்து எங்களை எண்ணி உள்ளே விடட்டும், சாயங்காலம் எண்ணி வெளியே விடட்டும். யார் கையிலும் அரிவாள் இல்லை, பின்னால் ஆடு இல்லை என்று பார்க்கட்டும். அப்படியானால் மாமா இல்லாமல் அந்தப் படலைத் திறக்கவே முடியாது. அவர் வேலை முன்னைவிடக் கெட்டிப்படும்.

அத்தை மகன் தொடைக்கடியிலிருந்து கையை எடுத்தான். பிறகு தரையைத் தொட்டு "ஒப்பு" என்றான். நாங்கள் ஒவ்வொருவராகத் தொட்டோம். வாழ்நாளில் முதன்முதலாக ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்து நானும் தரையைத் தொட்டேன். வாத்தியார் சாக்கட்டித் தூள் ஒட்டிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "நான் எழுதுன தீர்மானத்தவிட இது நல்ல தீர்மானம்" என்று சொன்னார். கரும்பலகையில் இருந்ததை அவரே அழித்தார்.

மறுநாள் மனு எழுதினோம். என் கையெழுத்துத்தான் மற்றவர்களுடையதைவிடப் புரியும்படி இருந்ததால் என்னையே எழுதச் சொன்னார்கள். படலை எடுக்க வேண்டாம், எங்களுக்காகத் திறந்து மூடினால் போதும், மழை வந்துவிட்டால் ஓடை தாண்ட முடியாது, நாங்கள் படிக்க வேண்டும், இவ்வளவுதான் விஷயம். கீழே வரிசையாகப் பதினான்கு பேரும் பெயர் எழுதினோம். பசியில் அழுத சின்னப்பெண்ணுக்கு முதலெழுத்து மட்டும்தான் தெரியும். அதையே பெரிதாக எழுதி வைத்தாள்.

எல்லோரும் எழுதி முடித்ததும் பேனாவை மையில் தொட்டு நான் வாத்தியாரிடம் நீட்டினேன்.

"எனக்கெதுக்கு? இது உங்க சங்கம் கண்ணு."

"நேத்து நீங்களும் உக்காந்தீங்களேங்க."

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. வட்டத்தில் உட்கார்ந்தவர் ஒப்புக் கொடுக்காமல் ஒரு காரியம் எப்படி முடியும்? தரையைத் தொடவும் மறந்துவிட்டார், இதையாவது செய்ய வேண்டாமா? எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து வாசலுக்குப் போய், வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் மலைதான். பேனாவிலிருந்த மை காய்ந்துவிட்டது. நான் மறுபடியும் தொட்டு நீட்டினேன். விடுகிற ஆளா நான்?

"உங்களுக்கு ஒப்பில்லீங்களா வாத்தியாரே?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி வந்தார். தரையில் உட்கார்ந்து, என் கையிலிருந்து பேனாவை வாங்கி, பதினைந்தாவதாகத் தன் முழுப்பெயரையும் எழுதினார். அதன்கீழே "ஆசிரியர்" என்றும் எழுதினார்.

மனுவை அப்பாதான் கீழே கொண்டுபோனார். வாங்கிக்கொள்ளும்போது, எல்லாருக்கும் ஒப்பா என்று மட்டும் கேட்டார். "எல்லாருக்குமுங்கப்பா. வாத்தியாருக்கும்" என்றேன். அப்படியானால் சரி என்று தலைப்பாகை மடிப்பில் சொருகிக்கொண்டு காரவள்ளிக்கு இறங்கினார். தபாலில் போட்டுவிட்டு வந்து, என்னிடம் வேறு ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று அம்மாவிடம், பிள்ளைகள் கூட்டத்தை முறைப்படி நடத்தியிருக்கிறார்கள் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்குக் களி இரண்டு உருண்டை கூட இறங்கியது.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் காட்டதிகாரி டோலியில் மலையேறி வந்தார். படலண்டை நின்று மாமாவிடம் எங்கள் காகிதத்தை விரித்துக் காட்டி என்னவோ கேட்டார். நாங்கள் மரத்தின் பின்னால் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் விரல் காகிதத்தின் அடியில், கடைசிப் பெயரின்மேல் வைத்தபடியே இருந்தது. வாத்தியார் கையெழுத்து அழகாயிருக்கிறது என்று மெச்சுகிறார் போல என்று நான் மற்றவர்களுக்குச் சொன்னேன். மறுநாளே உத்தரவு வந்தது. காலையும் மாலையும் படல் திறந்தது. மாமா எங்களைத் தலைக்கொரு தட்டுத் தட்டி எண்ணி உள்ளே விட்டார். நான்கு நாள் கழித்து மழை பிடித்தது. ஓடை பொங்கி ஓடியது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

தை பிறந்ததும் வாத்தியார் மலையைவிட்டு இறங்குவதாகச் சொன்னார். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் புறப்பட்டபோது எல்லோரும் அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"சங்கத்த உட்டுட்டுப் போறீங்களே, எங்க ஒப்பக் கேட்டீங்களா?" என்றேன்.

"இதுக்கெல்லாம் ஓட்டு இல்ல கண்ணு" என்றார். என் தலையில் கை வைக்க வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். வாரேன் என்றுகூடச் சொல்லவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கீழ்நாட்டுக்காரருக்கு எங்கள் மலை கசந்துவிட்டது, பாதையைத் திறந்துவிட்டு ஓடுகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரே வரவில்லை. கதவு பூட்டியிருந்தது. நாங்கள் போவதை நிறுத்தவில்லை. தினமும் படலைத் தாண்டிப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அந்தச் சின்னப்பெண்ணுக்கு அவள் பெயரின் மிச்ச எழுத்துகளை நான்தான் கற்றுக்கொடுத்தேன். புது வாத்தியார் வந்து பூட்டைத் திறந்தபோது பதினான்கு பேரில் ஒருவர்கூடக் குறையவில்லை.

மாமா வேலையிலிருந்து நின்றபிறகு, எனக்கு இரண்டு குழந்தைகள் ஆனபிறகு, ஒருநாள் அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் சர்க்காரைக் கேட்கிற மனுவில் கையெழுத்துப் போடக்கூடாதாம். அதிகாரி அன்று எங்கள் பதினான்கு பெயரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையாம். கடைசிப் பெயருக்குரியவர் யார் என்று மட்டும்தான் கேட்டாராம். வாத்தியார் மாற்றலாகிப் போகவில்லை, வேலையிலிருந்து நீக்கப்பட்டுப் போனார். "நான் அன்னைக்கே அவருகிட்டப் போய்ச் சொன்னேன் கண்ணு. தெரிஞ்சுதான் போட்டேன்னாரு" என்றார் மாமா.

இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. காரணத்தைச் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருப்போமே, அத்தை மகன் சொன்னதைக் கேட்கவில்லையா என்று முதலில் அவர்மேலும் கோபப்பட்டேன். ஆனால் கேட்கப் பயந்தவனுக்கு எந்த ராஜ்யமும் ஒன்றுதான் என்று எங்களுக்குச் சொன்ன மனிதர், எனக்குப் பயமாயிருக்கிறது என்று எங்கள் முன்னால் எப்படிச் சொல்வார்? வேறு வழியும் அவருக்கு நாங்கள் வைக்கவில்லை. எங்கள் முறைப்படி, ஒப்பில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுவை நான் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். பாதை அடைபட்டே கிடந்திருக்கும், நான் மாடு மேய்க்கப் போயிருப்பேன். வாசலில் நின்ற அந்த நேரத்தில் இவ்வளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. பேனாவை மையில் தொட்டுத் தொட்டு நீட்டிக்கொண்டிருந்த எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.